குடியிருப்பவர் பெயர்

செய்தி வந்தபோது மாலை ஆறு பத்து. பாளையம்பட்டியில் என் ஜெராக்ஸ் கடையில் ஒருவருடைய சாதிச் சான்றிதழுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊராட்சிச் செயலர் ஆனந்தகுமார்தான் போனில்.

"அண்ணே, கடையைச் சாத்திட்டு ஜி.எச்.சுக்கு வாங்க. தலைவரம்மா வண்டியிலருந்து விழுந்துட்டாக."

அதற்குப் பிறகும் அவன் போனை வைக்கவில்லை. அவன் பக்கம் ஏதோ ஒரு லாரி கியர் மாற்றிப் போகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தங்கலட்சுமியின் முகத்தை மூடியிருந்தார்கள்.

தங்கலட்சுமி என் மனைவி. திருச்சுழிக்குத் தெற்கே ஒன்பது கிலோமீட்டரில் இருக்கிற கீழச்செங்கமடையின் ஊராட்சித் தலைவர். இருநூற்றுப் பதினான்கு வீடுகள், மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். அவள் பிளஸ் டூ வரைதான் படித்தவள். மகளிர் குழுவை ஏழு வருடம் நடத்தியிருந்தாள். தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது ஊரில் அவள் பெயரைச் சொன்னவர் மருதுபாண்டி அண்ணன். உறவில் அவளுக்கு அண்ணன் முறை. "தங்கச்சி நிக்கட்டும். பி.காம் படிச்ச மாப்ள இருக்காரு, அவரு பாத்துக்கிருவாரு" என்றார். அவரே துணைத்தலைவரானார். ஊராட்சிப் பணம் வங்கியிலிருந்து வெளியே வர இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று தலைவருடையது, இன்னொன்று துணைத்தலைவருடையது.

முதல் மாதம் காசோலைப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். அடுப்படியிலிருந்து அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இங்க குடுங்கண்ணே. என் கையெழுத்து எனக்குத்தான் போட வரும்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து டீக்கடையில் எனக்குத் தனி மரியாதைதான். "என்ன மாப்ளே, தலைவரம்மா ஒங்களுக்கு நூறு நாள் வேலை எத்தனை நாள் போட்டுருக்காக?" என்பார்கள். "இன்னும் அட்டையே தரல மாமா" என்பேன்.

நான்காவது வருடம் வீட்டு வரி உத்தரவு வந்தது. எல்லா வீட்டையும் புதிதாக அளந்து, சதுர அடிக்கு வரி போட்டு, குடியிருப்பவர் பெயரையும் போன் நம்பரையும் கணினியில் ஏற்ற வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் நூறு சதவீதம். திருச்சுழி ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் போட்டு, முடிக்காத ஊராட்சி அடுத்த நிதியைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வரி ஏறியதற்கு ஊர் திட்டியது. அதை அவள் வாங்கிக்கொண்டாள். "திட்டிட்டுக் கட்டுங்க, கட்டிட்டும் திட்டுங்க" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே கட்டினார்கள்.

தொந்தரவு பெயரில்தான் வந்தது. எங்கள் ஊர் வீடுகள் நத்தத்தில், ஊர்ப் பொதுக் குடியிருப்பு நிலத்தில், இருப்பவை. முக்கால்வாசி வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. வரி ரசீதுதான் பத்திரம். அந்த ரசீது என்றோ செத்துப்போன தகப்பன் பெயரிலோ பாட்டன் பெயரிலோ இருக்கும். அண்ணன் தம்பிகள் நடுவில் சுவர் வைத்துப் பிரிந்துகொள்வார்கள். ஆனால் மூத்தவர்தான் எல்லாருக்குமாக வரி கட்டி, ரசீதைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்வார். ரசீது யார் கையிலோ, வீடு அவர் கையில்.

மருதுபாண்டி அண்ணன் வீடும் அப்படித்தான். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி பெண்டாட்டி குருவம்மாள் இருந்தாள். தம்பி மஞ்சள் காமாலையில் போய்ப் பத்து வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. குருவம்மாளை அவள் பிறந்த ஊருக்கு அனுப்பிவிட்டு, சுவரை இடித்து, மகனுக்கு மாடி கட்டப்போவதாக அவர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

இது தங்கலட்சுமிக்குத் தெரியும். தெரிந்தும் குடியரசு நாள் கிராமசபையில் எழுந்து, "ஒரு வீட்ல யாரு குடியிருக்காகளோ அவுக பேருலதான் இனி ரசீது. பத்து வீடுன்னாலும் பத்துப் பேரு" என்று சொல்லிவிட்டாள். என்னிடம்கூட முன்னால் சொல்லவில்லை. அதைச் சபையில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன். தனியாகப் பேசியிருந்தால் பின்வாங்க ஒரு வழி இருந்திருக்கும், இருவருக்குமே. சபையில் சொன்ன சொல்லை எங்கள் பக்கம் யாரும் திரும்ப எடுப்பதில்லை.

மருதுபாண்டி அண்ணன்தான் முதலில் கைதட்டினார். "நல்ல முடிவு தங்கச்சி" என்றார்.

மாசியில் குடிநீர் மோட்டார் எரிந்தது. பழுதுபார்க்கக் காசோலை எழுதி, அவர் கையெழுத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். வலதுகைக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார்.

"நகச்சுத்தி தங்கச்சி. பேனா புடிக்க முடியல."

"மருந்து வாங்கியாரட்டுமாண்ணே?"

"தன்னால சரியாப்போகும். அந்த வீட்டுக் கணக்கெல்லாம் சரியாச்சுன்னா இதுவும் சரியாப்போகும்."

அதே கையால் அவர் சீட்டாடிக்கொண்டிருந்ததை இரண்டு நாள் கழித்து நானே பார்த்தேன். பெண்கள் வெறுங்குடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து காலையிலும் மாலையிலும் போன்: பட்டியலில் உங்கள் ஊராட்சி மட்டும்தான் இன்னும் சிவப்பில் நிற்கிறது. அவள் தண்ணீர் லாரிக்காக வீரசோழன் வரை அலைந்தாள். பங்குனி பிறந்தபோது இருநூற்றுப் பதின்மூன்று வீடு முடிந்திருந்தது. பாக்கி ஒன்று குருவம்மாளுடையது.

ஒருநாள் குருவம்மாளே வந்தாள். வாசற்படிக்கு இப்பால் வரவில்லை.

"என் பேரு வேணாம் மதினி. அவருகிட்டயே விட்ருங்க. நான் எங்கனயாச்சும் கெடந்துட்டுப் போறேன். நீங்க பொம்பளப் பிள்ளைய மருதைல படிக்கப் போட்டிருக்கிய."

"ஏன், அவுக என் பிள்ளையப் பத்திக் கேட்டாகளா?"

குருவம்மாள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

"ஒங்களுக்கு மட்டும் விட்டா மத்த வீட்டுக்கெல்லாம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக? போங்க மதினி. போய் ஒங்க வீட்ல இருங்க" என்றாள் தங்கலட்சுமி.

அந்த வாரம் மூன்று சாயங்காலம் எங்கள் வீட்டெதிரே ஒரு டிராக்டர் நின்றது. நம்பர் பிளேட் இல்லை. எஞ்சினை அணைக்காமல் கால்மணி நேரம் நிற்கும், பிறகு போய்விடும். ஓட்டியவன் எங்கள் ஊர் ஆள் இல்லை. மூன்றாம் நாள் அவள் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்னேன். பழையபடி குருவம்மாளுடைய மாமனார் பெயரிலேயே போட்டுவிடு, இன்னும் பத்து மாதத்தில் பதவி முடிகிறது, யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். நான் அவளுக்குச் சொன்ன ஒரே யோசனை அதுதான்.

"கம்ப்யூட்டரு போன் நம்பர் கேக்குதுங்க. செத்தவருக்கு எந்த நம்பரக் குடுக்க?" என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "குருவம்மா மதினிக்கு அந்தத் தாள விட்டா வேற என்ன இருக்கு?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் திருச்சுழிக்குக் கூட்டத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது கண்மாய்க்கரை வளைவில் கிடந்தாள். ஸ்கூட்டர் கரைக்குக் கீழே கிடந்தது. அடையாளம் தெரியாத வாகனம் என்று போலீசில் எழுதினார்கள். நான் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ரோட்டில் பிரேக் பிடித்த தடம் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததை எழுத மாட்டேன்.

மறுநாள் காலையில் மருதுபாண்டி அண்ணன் மோட்டார் காசோலையில் கையெழுத்துப் போட்டார். அதுவரை மாட்டேன் என்றிருந்த மெக்கானிக் கடனுக்கே வேலை செய்தான். அவளைக் குளிப்பாட்ட வைத்திருந்தபோது, பதினெட்டு நாள் கழித்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் சிலர் எழுந்து குடம் எடுக்கப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

சட்டப்படி துணைத்தலைவர்தான் பொறுப்புக்கு வரவேண்டும். கருமாதி முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்கு வந்தார். என் தோளில் கை வைத்தார். கட்டைவிரலில் துணி இல்லை.

"கூடப்பொறந்தவ மாதிரி மாப்ளே. தங்கச்சி வீடளந்து எழுதுன நோட்டு இருந்தாக் குடுங்க. மேல இருந்து நெருக்குறாக."

கொடுத்தேன். அவர் வருவதற்கு முன்னாலேயே கடைக்குக் கொண்டுபோய் எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். அவளுடைய முத்து முத்தான எழுத்து. கடைசிப் பக்கத்தில் இருப்பது என்ன என்று ஆனந்தகுமாரிடம் கேட்டேன். அந்தச் சனிக்கிழமை காலையில் அவளும் அவனும் குருவம்மாள் வீட்டை அளக்கப் போயிருக்கிறார்கள். நீளம் அளந்து முடித்து, அகலத்துக்கு நடுச்சுவரிலிருந்து டேப்பைப் பிடிக்கப் போகும்போது, அந்தச் சுவரை ஒட்டிக் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மருதுபாண்டி அண்ணன் படுத்துக்கொண்டாராம். கண்ணையும் மூடிக்கொண்டாராம்.

"திங்கக்கெழம வாரேண்ணே. அன்னைக்காச்சும் எந்திரிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டியிருக்கிறாள்.

குடியிருப்பவர் பெயர் என்ற இடத்தில் குருவம்மாள் என்று எழுதியிருக்கிறது. நீளம் இருபத்திரண்டு அடி. அகலம் எழுதவில்லை.