பாதத்து மேல் ரெண்டு விரல்

என் மனைவியின் தங்கை ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக ஒரே அறை, ஒரே ஸ்டூல். அவள் முன்னால் வந்து கால் நீட்டுகிறவர்களுக்கு ரத்தக்குழாய் அடைத்து விரல் கறுத்திருக்கும். அப்படிப்பட்டவள் திடீரென்று போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ போட ஆரம்பித்தாள்.

பால் இல்லாத அடுப்படிக்குப் பூனை வருமா? கடைசியில் தைலமோ காலுறையோ விற்பாள் என்று ஒவ்வொரு வீடியோவையும் முழுசாகப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

ஒருநாள் சொன்னாள்: "நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதா? நின்னா விட்டுடுதா? பாதத்து மேல தொட்டுப் பாருங்க, நாடி துடிக்கணும்."

என்னைத்தான் சொல்கிறாள். நான் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவன். பஸ் நிறுத்தத்திலிருந்து கடைக்குப் போவதற்குள் கெண்டைக்கால் பிடித்து மூன்று இடத்தில் நிற்கவேண்டியிருக்கும். வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. இவளுக்கு யார் சொன்னது?

தொட்டுப் பார்த்தேன். ரெண்டு பாதத்திலும் துடித்தது. விடுவேனா? ஊரே பார்க்கிற மாதிரி வீடியோவுக்குக் கீழே எழுதினேன்: "எனக்கு நல்லாத் துடிக்குது. பயமுறுத்திப் பேர் வாங்காதே."

உடனே போன் வந்தது.

"மாமா, எந்த விரலால பார்த்தீங்க?"

"கட்டைவிரல். மோட்டார் அதிர்வையே அதிலதான் பார்க்கிறேன்."

"அது உங்க கட்டைவிரலோட துடிப்பு. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் வைங்க."

வைத்தேன். வலது பாதம் துடித்தது. இடது பாதம் கரண்டு போன மோட்டார் மாதிரி கிடந்தது.

"சரி, உனக்கு யார் சொன்னது?"

"போன வாரம் கடைத்தெருவில பஸ்ஸிலிருந்து பார்த்தேன். நின்னு சுவரொட்டி படிச்சிட்டிருந்தீங்க. நீங்க என்னிக்கு மாமா எதைப் படிச்சிருக்கீங்க?"

மறுநாள் கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். இடது காலுக்கு ரத்தம் பாதிதான் போகிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அந்த ஸ்டூல் முன்னால் நானும் கால் நீட்டியிருப்பேன். சிகரெட்டை விட்டேன். மாத்திரை, தினமும் நடை. வலித்தால் நிற்கணும், விட்டதும் மறுபடி நடக்கணும்.

வீடியோவுக்குக் கீழே எழுதினதை அழித்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"இருக்கட்டும் மாமா. இன்னும் நாலு பேர் கட்டைவிரலாலதான் பார்த்திருப்பாங்க."

அதற்குக் கீழேயே எந்த விரல் என்று எழுதி வைத்திருக்கிறாள்.

இப்போதும் எல்லா வீடியோவையும் கடைசிவரை பார்க்கிறேன். தைலம் வராமலா போகும்?