ஒரு மணிக்குக் கொடுத்த பால்

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னைச் சேரப்பணஞ்சேரியில் இறக்கிவிட்டபோது காலை 7.10. வீட்டுக்கு ஆறு நிமிட நடை. கை கால் கழுவி, மூன்று இட்லி தின்று, 7.40க்கு ஏழு மாத மகளை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டேன். 7.50க்கு மனைவியின் கம்பெனி பஸ்.

மகப்பேறு விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி அது இரண்டாவது நாள். பிரிட்ஜில் மூன்று பாட்டில் தாய்ப்பால்: பத்து மணிக்கு, ஒரு மணிக்கு, நான்கு மணிக்கு. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உன்னால முடியலன்னா சொல்லிடு. நான் வேலைய வுட்டு பேப்பர் போட்டுடறேன். தூக்கம் இல்லாம நீயும் வுழுந்துட்டா யாரு பாக்கறது?"

அவளுக்கு அது பதினோரு வருட வேலை. "போ, பஸ்ஸு போயிடப் போவுது," என்றேன்.

பத்து மணிப் பாலைக் கொடுத்து நோட்டில் எழுதினேன். பால், தூக்கம், துணி மாற்றியது எல்லாம் நேரத்தோடு அதில் இருக்கும். பதினொன்றுக்கு மகளைத் தூளியில் போட்டு, கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பாயில் படுத்தேன்.

1.20க்கு அழுகை. நோட்டைப் பார்த்தேன். '1.00, பால், முழுதும் குடித்தாள்' என்று என் கையெழுத்தில் இருந்தது. அப்படியானால் பசி இல்லை. பெருங்காயம் கரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினேன். துணி மாற்றினேன். தோளில் போட்டு நடந்தேன்; கதவிலிருந்து ஜன்னலுக்கு ஒன்பது தப்படி. ரோட்டில் போகும் கண்டெய்னர் லாரிகளைக் காட்டினேன். இரண்டு லாரிக்கு நிறுத்தியவள் மூன்றாவதுக்கு மறுபடி தொடங்கினாள். நடக்கும்போதே கண் மூடி, கதவு நிலையில் தோள் இடித்து விழித்தேன். அதன்பின் தரையில் உட்கார்ந்துதான் ஆட்டினேன்.

போனை எடுத்தேன். மனைவியின் சூப்பர்வைசரிடம் சொன்னால் அவள் பர்மிஷன் போட்டு வந்துவிடுவாள். வந்தால் மறுநாள் போகமாட்டாள். போனைக் கீழே வைத்தேன்.

2.35க்கு முகத்தில் அடிக்கக் குளிர்ந்த நீர் எடுக்கலாமென்று பிரிட்ஜைத் திறந்தேன். ஒரு பாட்டில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன.

பத்து மணிக்கு எழுதும்போதே, பிறகு எழுதும் வேலை மிச்சமென்று ஒரு மணி வரியையும் எழுதியிருக்கிறேன். மணிக்கொரு முறை அளந்து எழுத வேண்டிய தாளை எங்கள் கம்பெனி லைனில் சில பையன்கள் ஷிப்ட் தொடங்கும்போதே நிரப்பிவைப்பார்கள். அவர்களைப் பிடித்து மெமோ கொடுப்பதுதான் என் உத்தியோகம்.

பாட்டிலை வெந்நீரில் வைத்துக் கொடுத்தேன். தேம்பித் தேம்பி, என்னையே பார்த்துக்கொண்டு குடித்தாள். மடியிலேயே தூங்கினாள். நான் அசையவில்லை.

பக்கத்தைக் கிழித்திருக்கலாம். தப்பான வரியின் மேல் ஒரே கோடு போட்டு, அருகில் கையெழுத்திட்டு, கொடுத்த நேரம் 2.45 என்று எழுதினேன்.

மாலையில் மனைவி நோட்டைப் படித்தாள். "லைன்ல ஒருத்தன் இத்த பண்ணா வுட்ருவியா?"

"மெமோ குடுப்பேன்."

"ஒன்னேகால் மணி நேரம் பசியில கத்திகினு இருந்துகீறா."

அவள் தோசை வார்க்கப் போனாள். இரண்டு தோசைக்குப் பிறகு அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "நாளிக்கு லஞ்சுல வீடியோ கால் போடறேன். காலி பாட்டில காட்டு. நோட்ட காட்டாத."

மறுநாள் காலை வீட்டுக்குள் வந்ததும், கை கழுவுவதற்கும் முன்னால், நோட்டில் செருகியிருந்த பேனாவை எடுத்து, பாட்டிலை எடுக்கும்போது மட்டும் எழுதும்படி, பிரிட்ஜ் கைப்பிடியில் நூல் போட்டுக் கட்டினேன்.