பாண்டிச்செல்வி தேடிய ஈரம்

ஏணியில் ஏறிவிட்டால் பாண்டிச்செல்விக்குக் கீழே நிற்பவன் யாராயிருந்தாலும் ஒன்றுதான். "ஏணியப் புடிங்க சார், பேச்சு அப்புறம்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். நான் இந்த ஓட்டலின் மேனேஜர். அதையும் சொல்லிப் பார்த்தேன். "அப்ப ரெண்டு கையாலயும் புடிங்க" என்றாள்.

ஆடலூர்க்காரி. வீட்டில் டீச்சருக்குப் படி என்றார்கள். அவள் திண்டுக்கல் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் வகுப்பில் ஒற்றைப் பெண்ணாகப் போய் உட்கார்ந்தாள். இப்போது அட்டுவம்பட்டியில் குடித்தனம். கணவர் கணேசன் டாக்சி ஓட்டுகிறார். கரண்ட் போனதும் படிக்கட்டில் பேட்டரியில் தானாக எரிந்து, ஆட்களை வெளியே கொண்டுவிடும் எமர்ஜென்சி விளக்குகள்தான் அவள் சோலி. மூன்று மணி நேரம் எரிந்தாக வேண்டும். ஐந்து நிமிடம் குறைந்தாலும் கையெழுத்துப் போட மாட்டாள். "மூணாவது மாடியில தூங்குறவன் எறங்கி வர அந்த அஞ்சு நிமிசத்த நீங்க குடுப்பீங்களா?" என்பாள்.

எங்கள் ஓட்டலில் தானே லைன் இழுத்து மாட்டிய விளக்குகளுக்குச் சோதனை வைத்தாள். முக்கால் மணி நேரத்தில் எல்லா விளக்கும் அணைந்தது. காரணம், அந்த லைனின் சுவிட்ச் பகலில் தானாக விழுந்து கரண்டைத் துண்டித்துவிடுகிறது. விழுந்தால் விளக்குகள் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடுகின்றன. மூடுபனி இறங்கும் நாளில்தான் விழுகிறது. எங்கேயோ ஈரம் இறங்குகிறது என்று எல்லோரும் தீர்ப்புச் சொன்னோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

பாவம், பத்து நாள் ஒவ்வொரு பெட்டியாக ஏறித் திறந்து பார்த்தாள். உள்ளே எல்லாம் கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தது. "ஒழுங்கா வயரிங் பண்ணியிருந்தா இந்த வம்பு ஏது?" என்று கத்திவிட்டு என் அறைக்குப் போய் ஹீட்டரைப் போட்டுக்கொள்வேன். நான் வேடசந்தூர்க்காரன். எட்டு வருஷமாகியும் இந்த மலைக்குளிர் எனக்குச் சேரவில்லை.

திங்கட்கிழமை முதலாளி போனில் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தீயணைப்புத் துறை ஆய்வு. அதற்குள் சரியாகாவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரும். அந்தம்மாவை யாரும் சேர்க்காதீர்கள் என்று மற்ற ஓட்டல்காரர்களிடமும் சொல்லிவிடுவாராம். அப்படியே போய் அவளிடம் சொன்னேன்.

"பதினாலு வருசமா நான் போட்ட லைன் விழுந்ததில்லங்க" என்றாள். எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் வெள்ளனே வந்து, சுவிட்ச் போர்டு முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்குப் பனி மூடியது. மீட்டரை வயரில் மாட்டிப் பார்த்திருக்கிறாள். குட்டி விளக்குகள் ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. மீட்டர் ஒன்பது காட்டியது. அரைமணியில் சுவிட்ச் விழுந்தது. அவள் இந்த முறை ஏணியைத் தொடவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து என் அறைக் கதவைத் திறந்தாள்.

நான் ஷூவைக் கழற்றி, அப்போதுதான் அணைந்துபோன ஹீட்டரை அதே ஷூவால் தட்டிக்கொண்டிருந்தேன்.

"விளக்கு லைன்ல இந்த ஹீட்டர் பிளக்க யாரு போட்டது?"

"நம்ம பிளம்பர்தாம்மா. கரண்ட் போகாத லைனாப் பாத்து எடுத்துக் குடுன்னேன்..."

"பிளம்பரா!"

சிரிக்க ஆரம்பித்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது சிரிப்பைக் காணோம். "பத்து நாளா என்னைய ஏணி ஏணியா ஏற விட்டுட்டு இங்க கால காய வச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க!"

"தெரியாமப் போச்சும்மா. ஈரம்னே இருந்துட்டுப் போகட்டுமே. முதலாளிக்குத் தெரிஞ்சா என் மானம் போயிரும்."

"அப்ப என் மானம்?"

போனை எடுத்து முதலாளியிடம் நானே சொன்னேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவள் கைகட்டி நின்று கடைசிவரை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை விளக்குகள் மூன்று மணி பத்து நிமிடம் எரிந்தன. அதிகாரி சோதனைப் பதிவேட்டைப் புரட்டி ஓரிடத்தில் நின்றார். பழுது: லைன் அடிக்கடி விழுதல். காரணம் என்ற இடத்தில் பாண்டிச்செல்வி குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: மேனேஜர்.

"இது என்னங்க?" என்று என்னைப் பார்த்தார்.

"சரிதாங்க சார்" என்றேன்.

பக்கத்தில் ஓட்டல் சார்பில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. போட்டேன்.