திருநின்றவூர் வீட்டின் நான்காவது ஆள்

2024 ஜூன் 12, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். கத்திரி முடிந்து இரண்டு வாரம் ஆகியும் வெயில் இறங்கவில்லை. அந்த நேரத்துக்கே சட்டை முதுகில் ஒட்டியது. திருநின்றவூர் ஏரிக்கு நான்கு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் சாவியோடு நின்று, குட்டியானை வண்டியிலிருந்து இறங்கியவர்களை எண்ணினேன்.

சேகர், ஒன்று. அவர் மனைவி கவிதா, இரண்டு. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றுதான் வந்தது.

நான் முப்பத்திரண்டு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு ஒன்பது வருடமாக வீட்டுத் தரகு. எண்ணிக்கை இடித்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அக்ரிமென்ட்டில் குடியிருப்போர் நான்கு பேர் என்று நானே எழுதியிருந்தேன். போனில் கேட்டபோது சேகர் சொன்ன கணக்கு அது.

நாலாவது ஆள் எங்கே என்று கேட்டேன்.

“இதோ இறங்கறான் சார், மணி” என்றார் சேகர்.

பீரோவுக்கும் பாய்ச் சுருட்டுக்கும் நடுவிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு நாட்டு நாய் குதித்தது. கவிதா நேராகவே சொல்லிவிட்டார்: இவனால் மூன்று வீடு மாறியாகிவிட்டது. நாய் என்று சொன்னால் கதவைச் சாத்துகிறார்கள். பெண்ணை இங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று. இந்த வீடும் போனால் இவனை எங்கேயாவது விட்டுவிட்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. மகள் நாயின் கழுத்துக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் கொரட்டூரில் இருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவர் எனக்கு இட்ட நிபந்தனைகள் ஆறு. அதில் முதலாவது, நாய் கூடாது.

வண்டி டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டினார். “இன்னா பெர்சு, எறக்கணுமா வாணாவா? வெயிட்டிங் ஏறிகினே கீது.”

சாவியைக் கொடுத்துவிட்டேன். மாலைக்குள் டீச்சருக்கு மூன்று முறை போன் எடுத்தேன், மூன்று முறையும் எண்ணை அழுத்தாமல் வைத்தேன்.

ஜூலை ஐந்து

டீச்சர் போனில் பணம் வாங்க மாட்டார். மாதம் ஐந்தாம் தேதி மின்சார ரயிலில் வந்து, வாடகை ஒன்பதாயிரத்தோடு தலைக்கு இருநூறு தண்ணீர்ப் பணமும் வாங்கி, ரசீது எழுதுவார். முதல் மாதம் அவர் வந்த நேரத்தில் சேகர் மணியை ஏரிப்பக்கம் கூட்டிப் போயிருந்தார். நாலாவது ஆள் எங்கே என்று டீச்சரும் கேட்டாராம். வாக்கிங் போயிருக்கான் என்றாராம் கவிதா. நல்ல பழக்கம் என்று பாராட்டிவிட்டு, நான்கு பேருக்கு எண்ணூறு என்று ரசீது எழுதிக் கொடுத்தாராம்.

இதைக் கேட்ட அன்று எனக்கு பி.பி. மாத்திரை ஒன்று அதிகமாகச் செலவானது.

ஆகஸ்ட் ஐந்து

அன்று டீச்சர் ஒரு ரயில் முன்னதாக வந்துவிட்டார். பணத்தை எண்ணி வாங்கி ரசீது எழுதி முடித்தபோது, சமையலறைக்குப் பின்னால் ஒரு குரைப்பு. பத்து ஐம்பதுக்கு டீச்சரிடமிருந்து எனக்குப் போன். நான் குடியிருக்கும் அம்பத்தூரிலிருந்து ஏழாவது ஸ்டேஷன் திருநின்றவூர். ஏழிலும் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

நான் போனபோது டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கவிதா சுவரோரம் நின்றார். மணி அவர் புடவைக்குப் பின்னால்.

“முதல் நிபந்தனை என்ன சார்?”

“நாய் கூடாது டீச்சர்.”

“இந்த மாசத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லுங்க. இல்லேன்னா நாயை அனுப்பச் சொல்லுங்க.”

ஆடி மாதம். யாரும் வீடு மாற மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். ஆக, போகப்போவது மணிதான். அது கவிதாவுக்கும் தெரிந்தது. உள்ளே போய் இரண்டு ரசீதுகளை எடுத்து வந்து டீச்சர் முன்னால் வைத்தார்.

“நாலு பேருக்குத் தண்ணிக் காசு வாங்கிகினு கையெழுத்து போட்டுகீறீங்க டீச்சரம்மா. அந்த நாலாவது ஆளு இவன்தான். ரெண்டு மாசமா இவனுக்கும் சேத்துத்தான் கட்டிகினு கீறோம்.”

டீச்சர் ரசீதுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க கணக்கு பாக்கிறவராச்சே. சொல்லுங்க.”

ஆள் மூன்று என்றால் நானூறைத் திருப்பிக் கொடுத்து ரசீதைத் திருத்த வேண்டும். நான்கு என்றால் நாலாவது ஆளை ஏற்றுக்கொள்ள வேண்டும், மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை என்றேன். இருபது வருட ரசீதுப் புத்தகத்தில் ஒரு அடித்தல்கூடக் கிடையாது என்று டீச்சர் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ரசீதுப் புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டு, நான் இதுவரை கேட்காத ஒன்றை அவர் சொன்னார். முன்பு இதே வீட்டில் இருந்த குடும்பம் காலி செய்தபோது தங்கள் நாயை கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் டீச்சருக்குத் தெரியும். அவிழ்த்துவிட்டும் அது கேட்டை விட்டு நகரவில்லை. நாற்பத்தோரு நாள் கொரட்டூரிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு ரயிலில் வந்து போட்டிருக்கிறார். நாற்பத்திரண்டாம் நாள் வந்தபோது அது இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த முதல் நிபந்தனை.

“குரைச்சா குரைக்கட்டும். கதவைப் பிறாண்டினா பெயின்ட் அடிச்சுக்கலாம்” என்றார். “ஆனா நாலு பேரா வந்தீங்க. என்னைக்குப் போனாலும் நாலு பேரா போகணும். அதை எழுதித் தரணும்.”

கவிதா தலையாட்டினார்.

எழுதினோம். நாலாவது பெயர் மணி, வயது ஐந்து. தொழில் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று நான் தயங்கியபோது, காவல் என்று போடுங்கள் என்று டீச்சரே சொன்னார். விசாரிக்காமல் ஆள் வைத்ததற்காகத் தன் பங்குத் தரகில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். குடிவருபவரிடம் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். மொத்தம் எத்தனை கால் என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகு சரியான கணக்கைச் சொல்வார்கள். வீட்டுக்காரர் நாய் கூடாது என்றால் உடனே குறித்துக்கொண்டு ஓடாதீர்கள். ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கக் கூடியது: தரகில் திருப்பியது நான்காயிரத்து ஐந்நூறு, புது அக்ரிமென்ட் அறுநூறு, ரயிலும் ஆட்டோவும் நூற்று நாற்பது, கையெழுத்து வாங்கும்போது மணி என் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததால் வாங்கிப் போட்ட பிஸ்கட் பாக்கெட் பத்து. மொத்தம் ரூபாய் ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது.