பெண் பார்க்க வந்த இடத்தில் வால்வு தேய்த்தோம்

போன சனிக்கிழமை என் தங்கை சுமதியைப் பெண் பார்க்க சாமராஜநகரிலிருந்து எங்கள் மைசூர் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா பஸ்ஸில். மாப்பிள்ளை மட்டும் மோட்டார் சைக்கிளில்.

பஸ் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளைக் காணோம்.

அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். கடைசியில் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்... வண்டியைத் தள்ளிக்கொண்டு! சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நஞ்சன்கூடு தாண்டியதுமே இழுவை குறைந்து, மைசூருக்குள் நுழையும்போது நின்றே விட்டதாம்.

"நல்ல காரியத்துக்கு வரும்போது வண்டி நிக்குதே..." என்று மாப்பிள்ளையின் அப்பா இழுத்தார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

நான் குறுக்கே புகுந்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. கம்ப்ரஷன் போயிருக்கும். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடலாம்."

நானும் அதே வண்டிதான் வைத்திருக்கிறேன். என் வண்டிப் புராணத்தை இந்தப் பகுதியில் எத்தனை வாரமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்! எங்கள் ஊரில் பாதிப் பேர் ஓட்டும் டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்திருந்தால் அதில் வால்வே கிடையாது. இந்தக் கதையும் கிடையாது. இது ஃபோர் ஸ்ட்ரோக்.

கிக்கரை மிதித்தால் கால் சும்மா இறங்கியது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். புகையை வெளியே விடும் வால்வின் ஓரம் எரிந்துபோயிருந்தது. அது உட்காரும் சீட்டிலும் குழி குழியாகப் புள்ளிகள். இரண்டும் ஒட்டி உட்கார்ந்தால்தானே உள்ளே அழுத்தம் நிற்கும்?

மாப்பிள்ளையை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு தேவராஜ மொஹல்லாவில் எனக்குத் தெரிந்த லேத் கடைக்குப் போனேன். "வால்வ் சுட்டு ஹோகிதே ஸ்வாமி" என்றார் கடைக்காரர். எரிந்தது எரிந்ததுதான், ஆனால் கடைந்தெடுக்க இன்னும் இரும்பு மிச்சமிருந்தது. வால்வின் முகத்தைச் சாய்வாகக் கடைந்தார். சீட்டைக் கட்டர் வைத்து வெட்டினார். மிச்சத்தை வீட்டில் கையால் தேய்த்துக்கொள்ளச் சொன்னார்.

காத்திருந்த நேரத்தில் மாப்பிள்ளை என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று. மனசுக்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டேன்!

வீட்டு வாசலில் பழைய பாயை விரித்து உட்கார்ந்தோம். வால்வில் சொரசொரப்பான பேஸ்ட் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை அதன் தலையில் ஒட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் உருட்டித் தேய்க்க வேண்டும். தேய்த்துத் துடைத்து, ஸ்ப்ரிங்கை மாட்டி, கசிகிறதா என்று பார்க்க "கெரசின் கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

பாட்டிலோடு சுமதி வந்தாள். ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர் அவள். சோதனை என்றால் நகர மாட்டாள். பெண் பார்க்கும் படலம் இப்படித்தான் நடந்தது — பட்டுப் புடவை, கையில் கெரசின்!

ஹெட்டில் புகை போகும் ஓட்டை வழியாகக் கெரசின் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வால்வின் ஓரத்தில் மெல்லக் கசிந்து, ஒரு சொட்டு விழுந்தது.

"இன்னும் தேய்க்கணும்" என்றேன்.

"சாகு சார், போதும். ஊர் போய்ச் சேர்ந்தா சரி" என்றார் மாப்பிள்ளை. "அடுத்த மாசம் எப்படியும் விக்கப் போறேன்."

"இப்படியே மாட்டினா சீக்கிரமே மறுபடி எரிஞ்சுடுமே?"

"அது வாங்கறவன் தலைவலி அல்வா, இல்லையா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சுமதி சிரிக்கவில்லை. "ஸ்ப்ரிங்கை எடுத்துட்டு அந்தக் குச்சியைக் கொடு அண்ணா" என்று பாயில் உட்கார்ந்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேய்ப்பதும் துடைப்பதும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதுமாக... வால்வைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அறுபடாத வளையம் விழும்வரை விடவில்லை. மறுபடி கெரசின் ஊற்றினோம். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பூரிப்பு. "வீட்டுக்கு வரும் முன்னாடியே எம் புள்ளை வண்டியைப் பார்த்துக்கறா பாருங்க!" அவர் அப்பாவும் நல்ல காரியத்தில் வண்டி நின்ற கதையை மறந்துவிட்டார். அங்கேயே சம்மதம் சொன்னார்கள்.

வண்டியைப் பூட்டி முடித்தேன். அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தார். அப்போது சுமதி மாப்பிள்ளையிடம் நேராகவே சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க. எனக்கு இது சரியா வராது."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. பாவமாக இருந்தது. "ஒரு வால்வுக்காகவா?"

"உங்ககிட்ட வாங்கறவரும் பின்னாடி யாரையாவது உட்கார வச்சுத்தானே ஓட்டுவார்?"

மாப்பிள்ளையின் அப்பா, அம்மா ஆட்டோ பிடித்தார்கள். மாப்பிள்ளை கிக்கரை மிதித்தார். ஒரே உதை... வண்டி புறப்பட்டு, அழகாகப் போயிற்று.

இரவு சுமதியிடம் வாதாடிப் பார்த்தேன். விற்கிற வண்டிக்கு யாரம்மா மெனக்கெடுவார்கள்? வண்டி விற்கிற எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள், அதற்காக நல்ல இடத்தை விடுவதா?

"அவர் கெட்டவர்னு நான் சொல்லலையே அண்ணா. சொட்டறதைப் பார்த்துட்டும் அவரால சிரிக்க முடிஞ்சுது. என்னால முடியல. தினம் தினம் எப்படிச் சேர்ந்து இருக்கறது?"

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேலை செய்யவிட்டுப் பார்க்கிறோமா?

சுமதி வழக்கம்போல ஸ்கூலுக்குப் போய் வருகிறாள். அம்மாதான் இன்னும் என்னோடு பேசவில்லை. இன்ஜினைத் திறந்தது நானாம்!