கல்லிடுக்கில் நின்ற கரண்டி

1. வேலை தொடங்கிய நாள்

என் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு சாந்துக் கரண்டி பதினொரு வாரம் நின்றது. முழங்கால் உயரக் கருங்கல் சுவரில், இரண்டு கல்லுக்கு நடுவே, பிடி மேலே பார்த்தபடி. அதை அங்கே செருகியவர் சவரிமுத்து பாஸ். அக்கரப்பத்தனைப் பக்கம் தனியாருக்குக் கட்டட வேலை கொந்தராத்து எடுப்பவர்; கொத்தனாரை அங்கே பாஸ் என்போம்.

நான் அப்போது அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர். தோட்டத்து மக்கள் என்னை டாக்டரய்யா என்றார்கள். நான் மறுத்ததில்லை. இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து கலப்பதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் அடுப்படி வீட்டின் நடுவில் இருந்தது. அதற்குப் படம் போட்ட வெள்ளைக்காரர் தம் வாழ்நாளில் ஒரு முட்டைகூட அவித்திருக்க மாட்டார். எரிப்பதற்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு, அதாவது செடியில் கழித்த சுள்ளி. அது நனைந்திருந்தால் நெருப்பைத் தவிர எல்லாம் வரும். என் மனைவி மரகதத்துக்கு இழுப்பு. முந்தைய வருஷ மழைக்காலம் முழுக்க அவள் படுக்கவே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். தோட்டம் முழுவதன் இருமலுக்கும் மிக்ஸ்சர் ஊற்றியவன் வீட்டில் ஓர் இருமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னாங்க, மழ எறங்குறதுக்குள்ள வெளிய ஒரு அடுப்படி வேணும்" என்றாள் மரகதம். "இல்லாட்டி மாத்தளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். கோவத்துல சொல்லல. மூச்சு முட்டுது, அதனால சொல்றேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன்.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனேன். சொந்தச் செலவில் கட்டிக்கொள், ஆனால் பின்னால் நிற்கும் தேயிலைச் செடியைத் தொடாதே என்றார். ஒரு மனிதனைத் தோட்டத்திலிருந்து அனுப்ப ஒரு துண்டுக் காகிதம் போதும். ஒரு செடியை அனுப்பக் கொழும்பிலிருந்து கடிதம் வர வேண்டும். அந்தச் செடியோ, அடுப்படியின் மூலை வர வேண்டிய இடத்தில் சரியாக நின்றது.

சவரிமுத்து பாஸ் செடியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பீடியைப் பற்ற வைத்தார்.

"செடிக்கு ஒரு மூலைய விட்டுக் குடுத்துருவோங்கய்யா. செவத்த அங்கன சாச்சுத் திருப்பிட்டா, செடிக்கும் கோவமில்ல, தொரைக்கும் கோவமில்ல."

வேலை தெரிந்த ஆள். அதுதான் வினை. வேலை தெரியாதவரென்றால் முதல் நாளே அனுப்பியிருப்பேன். அன்று சாயந்திரத்துக்குள் அத்திவாரம் முடிந்து சுவர் முழங்கால் மட்டம் வந்துவிட்டது. கரண்டியைக் கழுவித் துடைத்துக் கல்லிடுக்கில் செருகினார்.

"நாளைக்கு வந்துர்றேங்க. கரண்டி இங்கதான இருக்கு."

2. நாளைக்கு

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. இரண்டாம் வாரம் சொல்லியனுப்பினேன். வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு இறுக வேண்டும் என்றார். நான்காம் வாரம் வந்தபோது பனிமூட்டம்; கட்டிய நூல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். எனக்குத் தெரிந்தது. ஏழாம் வாரம் வானம் துடைத்த பித்தளைச் செம்பு மாதிரி இருந்தது. அன்றைக்கு அவரிடம் ரசமட்டம் இல்லை.

"எங்க பாஸ் ரசமட்டம்?"

"பட்டிப்பொலயில நிக்குதுங்க. ஸ்டேசனுக்குப் பின்னால ஒரு வேல."

"தூக்குக் குண்டு?"

"அது டயகமவுலங்க. அங்க வாத்தியாரு ஒருத்தருக்குக் கக்கூசு."

ஒரே மனிதர் மூன்று ஊர்களில் மூன்று துண்டாக வேலை செய்துகொண்டிருந்தார். கை எனக்குக் கிடைத்திருந்தது.

அவர் ஒருபோதும் எதிர்த்துப் பேசியதில்லை. நான் கத்தினால், "சரிங்கய்யா, நீங்க சொன்னா சரிதான்" என்பார். இப்படிப்பட்டவரோடு சண்டை போடுவது கம்பளிப் போர்வையைக் குத்துவது போல. கைதான் வலிக்கும்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. காலையில் பல் விளக்கும்போது ஒரு தடவை, டிஸ்பென்சரிக்குப் புறப்படும்போது ஒரு தடவை, சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை என்று பின்பக்கம் போய்க் கரண்டியைப் பார்த்துவிட்டு வருவேன். பஸ் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். புத்தகத்தில் ஒரே பக்கத்தை நான்கு நாள் படித்தேன். உள்ளே மரகதம் இருமினால், அந்த இருமல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கும்.

"போயிப் போயிப் பாத்தா செவரு வளருமா?" என்றாள் அவள். "அதென்ன முருங்கையா?"

3. வேறொரு பாஸ்

ஒன்பதாம் வாரம் பொறுமை விட்டுப்போய், ஹட்டனிலிருந்து இன்னொரு மேசனை அழைத்து வந்தேன். வயதான மனிதர். ஆட்டுக்குப் பல் பார்ப்பது போலச் சுவரைப் பார்த்தார். கரண்டியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார்.

"இது யாரு கரண்டிங்க?"

சொன்னேன்.

"அப்ப நான் தொட மாட்டேங்க. கரண்டி நிக்கிற செவத்துல இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது. அது எங்களுக்குள்ள இருக்கிற மொறை."

"நான் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு உங்களைக் கூப்பிட்டிருந்தால்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கரண்டி நின்ன எடம் பாத்தாத் தெரியுங்க" என்றார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றுதான் அந்தக் கரண்டி எதற்காக நிற்கிறது என்பது எனக்கு விளங்கிற்று. தாலி கட்டிவிட்டு மாப்பிள்ளை ஊரைவிட்டுப் போன கதைதான்.

மரகதம் ட்ரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். சேலைகளை மடித்தாள்.

4. டயகம

பதினோராம் வாரம், ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸில் டயகமவுக்குப் போனேன். விசாரித்து வாத்தியார் வீட்டைக் கண்டுபிடித்தேன். பின்பக்கத்தில் இடுப்பளவுக்கு ஒரு கக்கூஸ். அதன் மேல் சட்டத்தில் தூக்குக் குண்டு தொங்கி, காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. நான் பாஸின் பெயரைச் சொன்னதும் வாத்தியார் குண்டுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இத எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"இல்லீங்க. எங்கிட்ட கரண்டி இருக்கு."

அவர் முகம் மாறிற்று. தோளில் கை வைத்து உள்ளே அழைத்தார். ஒரே நோய் கண்ட இருவரைப் போல அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பாஸ் பஜாரில், எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் தேத்தண்ணீர்க் கடையில் இருப்பார் என்று அவர்தான் சொன்னார்.

இருந்தார். பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டுமாக. என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார். பஸ்ஸில் வரும்போது நல்ல தமிழில் ஒரு பிரசங்கம் தயாரித்திருந்தேன். அதில் இரண்டு உவமைகளும் இருந்தன. முதல் வாக்கியத்திலேயே அவர் குறுக்கிட்டார்.

"கரண்டி நிக்குதுங்களா?"

"நிக்குது."

"அப்ப வேல நடக்குதுன்னுதானங்க அர்த்தம்."

"யார் சொன்னது அப்படி?"

அவர் சிரித்தார். நக்கல் இல்லை, உண்மையான மரியாதையோடு சிரித்தார்.

"ஒங்ககிட்டதாங்க படிச்சேன்."

கடைக்காரக் காக்கா தேத்தண்ணீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு வருசம் இருக்குங்க" என்றார் பாஸ். "எங்க பிலோமினாவுக்குக் காது வலி. ஒங்க தோட்டத்துல மச்சான் வீட்டுல இருந்தோம். காலையில ஏழு மணிக்குப் புள்ளயத் தூக்கிட்டு ஒங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்க இல்ல. காதுல மாட்டிப் பாக்குற கொழா மட்டும் நாற்காலியில தொங்குச்சு. ஆயாம்மா சொன்னாங்க, கொழா இருக்குல்ல, அப்ப ஐயா இருக்காரு, குந்துங்கன்னு. நாப்பது பேரு இருப்பாங்க. ஒருத்தரும் எந்திரிச்சுப் போகலங்க. எல்லாரும் கொழாயவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பன்னெண்டு மணிக்குச் சங்கு ஊதுச்சு. அப்பவும் கொழா தொங்குது. நான் நெனச்சேன், தொழில்னா இதுல்ல தொழிலு."

அந்தக் காலை மட்டுமல்ல, அப்படிப் பல காலைகளில் நான் எங்கே இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில், அதைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரின் அறையில். தேயிலை உலர்த்தும் அடுப்பின் சூடு முதுகில் பட, அவருக்கு வரும் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருப்பேன். குளிர்ப் பிரதேசத்தில் அறிவுப் பசிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

"புள்ளைக்கு?" என்றேன்.

"சீழ் ஒடஞ்சு வந்துச்சுங்க. இப்பவும் அப்பப்ப வரும். அந்தக் காது கொஞ்சம் மந்தம்." தேத்தண்ணீரை உறிஞ்சினார். "அதுக்கு யாரு என்ன செய்றது."

என் பிரசங்கத்தின் மீதி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"நாளைக்குப் புள்ளயக் கூட்டிட்டு வாங்க. ஏழு மணிக்கு. நான் இருப்பேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கொழா இருக்குமா, நீங்க இருப்பீங்களாங்க?"

காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார்.

5. ஏழு மணி

மறுநாள் ஆறரைக்கே போய் உட்கார்ந்தேன். ஆயாம்மா பயந்துபோய், "தொரை வாறாருங்களா?" என்று கேட்டாள்.

பிலோமினாவுக்கு எட்டு வயது இருக்கும். வலது காதில் சவ்வு கிழிந்திருந்தது. நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, தினமும் காலையில் காதைப் பஞ்சால் உலர்த்தித் துடைத்து மருந்துச் சொட்டு விட வேண்டும், விடாமல் ஒரு மாதம் என்று எழுதியனுப்பினார்.

அந்த ஒரு மாதமும் பாஸ் மகளைக் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கு வந்தார். சொட்டு விட்டபின் அவள் எங்கள் வீட்டில் மரகதத்தோடு இருப்பாள். தகப்பன் பின்பக்கம் போய்க் கரண்டியை உருவுவார். வந்த இடத்தில் சும்மா உட்காரத் தெரியாத மனிதர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். மூன்றாம் நாளே குண்டும் ரசமட்டமும் வந்து சேர்ந்தன. ஒரு வாரம் கழித்து டயகம வாத்தியார் தபாலட்டை போட்டிருந்தார். நான் பெரிய துரோகி என்பது அதன் சாரம்.

கூரைத் தகரம் ஏற்றி ஆணி அடித்த மறுநாள் மழை இறங்கியது. புது அடுப்பில் முதல் உலை வைத்தோம். புகை, புகைக்கூண்டு வழியாக ஏறிப் பனிமூட்டத்தோடு கலந்து போயிற்று. மரகதம் வாசலில் நின்று ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். விசில் சத்தம் இல்லை. பெட்டியைத் தூக்கி மறுபடி பரணில் வைக்கச் சொன்னாள். நான் தூக்கி வைத்தேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்கும் டிஸ்பென்சரியில் மருந்து இருந்தது.

செடிக்காகச் சாய்த்த அந்த மூலையில் மட்டும் எந்தப் பானையும் சரியாக உட்காராது. துரை வந்து பார்த்தார். செடியைப் பார்த்தார், திருப்தியோடு போனார்.

6. கடைசியாக

காதில் சீழ் நின்றது. கேட்கும் திறன் முழுதாகத் திரும்பவில்லை. கடைசி நாள், "இனிமே தண்ணி படாம பாத்துக்க தாயி" என்று நான் சொன்னபோது, பிலோமினா முகத்தைத் திருப்பி இடது காதை என் பக்கம் கொண்டுவந்து, "என்னாங்கய்யா?" என்றாள். சவரிமுத்து பாஸ் கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மறுபடி சொன்னேன், சற்று உரக்க.

இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தேன். அதன்பின் டீமேக்கரின் அறைக்குப் போகாமல் இருந்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். போனேன். ஆனால் குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போனேன். வெறும் நாற்காலியைக் கண்டவர்கள் காத்திருக்கவில்லை. நேரே தொழிற்சாலைக்கே வந்து, டீமேக்கரின் கதவைத் தட்டினார்கள். பாதிக் கட்டுரையில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவேன். அந்தக் கட்டுரைகள் எப்படி முடிந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.