மாமாவின் ரேடியம் வாட்ச்

இன்று காலை கொல்கத்தா விமான நிலையத்தில், காவலர் கையிலிருந்த கதிர்வீச்சுக் கருவி ஒரு பெண்ணின் அருகே கீச்சிட்டது. நேற்று ஸ்கேனுக்காகக் கதிரியக்க மருந்து ஏற்றினார்கள் என்று அவர் சொல்லியும் வரிசை பின்வாங்கியது.

எனக்கு 1971-இல் இதே ஊரின் கரியாஹாட் கடைத்தெரு ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் வேலை. ரேடியம் ஊசி ஒன்று அழுக்குத் துணியோடு சலவைக்குப் போய்விட்டது. கதிர்வீச்சு இருந்தால் டிக் டிக் என்னும் கைகர் கவுன்டர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சலவைக்காரரைத் தேடிப் போனேன்.

தெருவில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். பெட்டி டிக் டிக் என்றதும் "போமா, போமா" என்று, குண்டு என்பதை வங்காளத்தில் கத்திக்கொண்டு ஒரு கும்பல் சூழ்ந்தது. முதல் அடியிலேயே உதடு கிழிந்தது.

அந்த வழியாக வந்த நடேசன் மாமா, டாக்குரியா பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பேங்க் ஆபீசர், கூட்டத்துக்குள் புகுந்து என் தோளைப் பிடித்தார்.

"பயப்படாதேடா, நான் இருக்கேன்."

அவர் கட்டியிருந்தது ரேடியம் பூசிய பழைய வாட்ச். அது கருவியின் உணர்குழாயருகே வந்ததும் டிக் டிக் படபடவென்று மாறியது.

"இவன்கிட்டதான் குண்டு இருக்கு. மெஷினே சொல்லுது" என்றான் ஒருவன் வங்காள மொழியில்.

வாட்ச்தான் காரணம் என்று நான் அலறினேன். கம்பியால் மாமாவின் மணிக்கட்டை உடைத்தார்கள். அந்தக் கை பிறகு மடங்கவே இல்லை.

கருவிமேல் ஒரு கீறல் விழவில்லை. அதன்மேல் அவ்வளவு மரியாதை.

இன்று அந்தப் பெண்ணை யாரும் அடிக்கவில்லை. போனைத் தூக்கிப் படம்தான் பிடித்தார்கள். முன்னேறிவிட்டோம், இல்லையா?